இலையான் உங்கள் குசினியில், புழு யார் வளவில்?

(வாசகர் கேள்விக்கு ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரின் பதில்)

கேள்வி: நாங்கள் கோண்டாவிலில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறோம். பக்கத்து வளவில் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் இருநூறு கோழி வரையில் வளர்க்கிறார். எருவை எங்கள் வேலியோரம் குவித்து வைத்திருக்கிறார். ஒழுங்கை முடக்கில் யார் யாரோ பையில் கட்டிக் குப்பை போட்டுவிட்டுப் போகிறார்கள். பிரதேச சபை வண்டி கிழமைக்கு ஒருமுறைதான் வரும், சிலவேளை அதுவும் இல்லை. வைகாசி பிறந்ததில் இருந்து வீடு முழுக்க இலையான். சோற்றுக் கோப்பையை மூடாமல் ஒரு நிமிடம் வைக்க முடியாது. போன மாதம் நாலு வயது மகளுக்கு வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். கடையில் மருந்து வாங்கி அடித்தேன். இரண்டு நாள் குறைகிறது, பிறகு பழையபடிதான். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? யாரிடம் முறையிடுவது? சொந்தக்காரரோடு பகை வராமல், என் பெயர் வெளியே தெரியாமல் ஏதும் செய்யலாமா?
வாசகி ஒருவர், கோண்டாவில்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பிள்ளையின் விஷயம். திரும்பவும் வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி என்ற உப்புக் கரைசல் பைக்கற்றை அதில் சொல்லியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்து ஒரு நாள் கடந்ததை ஊற்றிவிடுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, பிள்ளை நெடுநேரம் சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். வயிற்றோட்டத்துக்கு இலையான்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கிணற்றுத் தண்ணீராக இருக்கலாம், கழுவாத கையாக இருக்கலாம். ஆனால் இலையானுக்குக் கடித்துத் தின்ன வாய் இல்லை. சோற்றில் இருந்தால் முதலில் தன் வயிற்றில் இருப்பதைக் கக்கி, அதில் கரைவதைத்தான் உறிஞ்சும். அதற்குச் சற்று முன்னால் அது எருவிலோ மலத்திலோ இருந்திருந்தால் மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி எல்லாவற்றுக்கும் இது ஒரு பாதை.

சரி, மருந்து அடித்தும் ஏன் குறையவில்லை? நீங்கள் அடித்தது பறக்கிற இலையானுக்கு. பிறக்கிற இலையான் அப்படியே இருக்கிறது. ஒரு பெண் இலையான் ஒரு தடவைக்கு 100 முதல் 150 முட்டை வரை இடும், அதுவும் ஒரு தடவையோடு நிறுத்தாது. எங்கள் வெயிலுக்கு முட்டை ஒரு நாளைக்குள் பொரித்துவிடும். புழு நாலைந்து நாள் ஈரத்துக்குள் கிடந்து கொழுக்கும். பிறகு ஈரத்தை விட்டு வெளியே ஊர்ந்து, காய்ந்த மண்ணைத் தேடிப் போய்க் கூட்டுப்புழுவாகும். அங்கே இன்னுமொரு நாலைந்து நாள். ஆக முட்டையில் இருந்து இறக்கை வரைக்கும் 7 முதல் 10 நாள். நீங்கள் இன்று எல்லாவற்றையும் கொன்றாலும் போன கிழமை இட்ட முட்டைகள் நாளைக்கும் நாளையின்றைக்கும் பறந்து வரும்.

மருந்துக்கு இலையான் பழகிப்போவதும் புதுக் கதை இல்லை. டி.டி.ரி. புழக்கத்துக்கு வந்து சில வருடங்களிலேயே, 1946இல், அதற்குச் சாகாத வீட்டு இலையான்களைச் சுவீடனில் கண்டார்கள். ஆகவே குசினிக்குள், கோப்பைக்கும் சட்டிக்கும் மேலாக மருந்து அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். இலையானை விடப் பிள்ளைக்குத்தான் அது கெடுதல்.

இனி, இலையான் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் எருவைச் சந்தேகப்படுகிறீர்கள், நானும் அதைத்தான் சந்தேகப்படுகிறேன். என்றாலும் தேடலை உங்கள் வளவில் இருந்தே தொடங்குங்கள். யார் முறையிட்டாலும் பரிசோதகர் முதலில் முறையிட்டவரின் வளவைத்தான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். வைகாசியில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள், அது மாம்பழக் காலம். கறுத்தக்கொழும்பான் தோலும் கொட்டையும் கோடிப் பக்கம் எறியப்பட்டுக் கிடக்கிறதா? மீன் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? எங்கள் வீடுகளில் அது பெரும்பாலும் வாழையடிக்குத்தான் போகும். தண்ணீரோடு செதிலும் குடலும் போகும், வாழையடி எப்போதும் ஈரமாக இருக்கும், இலையானுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நாய்ச் சாப்பாட்டுக் கோப்பை வைக்கும் இடத்தையும் பாருங்கள். ஆவணி பிறந்தால் விழுந்து நசிந்து கிடக்கும் பனம்பழமும் இந்தக் கணக்கில் சேரும்.

ஒரு தடியை எடுத்து, ஈரமாக இருக்கும் இடங்களில் இரண்டு மூன்று அங்குலம் கிளறுங்கள். வெள்ளையாய், ஒரு பக்கம் கூராய் நெளிகிற புழு இருந்தால் அதுதான் இடம். குவியலைச் சுற்றியுள்ள காய்ந்த மண்ணையும் விரலால் தட்டிப் பாருங்கள். நெல்மணியை விடச் சற்றுச் சிறிதாக, செம்பழுப்பு நிறத்தில், அசையாமல் கிடப்பவை கூட்டுப்புழு. அவை கிடந்தால் அங்கே இலையான் நெடுநாளாகவே பெருகி வருகிறது என்று பொருள். குசினியில் செத்துக் கிடக்கும் இலையானையும் ஒருக்கா உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறமாய், முதுகில் நாலு கறுப்புக் கோடு இருந்தால் அது வீட்டு இலையான், எருவிலும் குசினிக் கழிவிலும் பிறக்கிறது. பச்சையாய் மினுங்கினால் மீன் கழிவையோ, எங்கோ செத்துக் கிடக்கும் எலியையோ தேடுங்கள். பழத்தைச் சுற்றும் சின்னக் கொசுவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

புழு பெரியப்பாவின் எருவில்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடிதம் எழுத முன்னம் ஒருமுறை நேரில் பேசுங்கள். என் அனுபவத்தில் இலையானைச் சொன்னால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். கிணற்றைச் சொன்னால் நின்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் குடிக்கிற தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது. மேலே மண் அதிகம் இல்லை, கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மழைக்கு எருவில் இருந்து வடிவது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். கோழி எருவில் நைதரசன் அதிகம், அது நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு வரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் தோட்டப் பகுதிக் கிணறுகளில் அந்த எல்லையைத் தாண்டியவை பல. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகள். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. பெரியப்பாவின் கிணறும் அதே கல்லுக்குள்தான் இருக்கிறது. “பெரியப்பா, மாரிக்கு முதல் இந்த எருவை மாத்தாட்டி ரெண்டு கிணத்துக்கும் பழுது” என்று தொடங்கினால் அவர் கோபிக்க இடமில்லை.

கோழி வளர்ப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியது மூன்றே காரியம்தான், மூன்றும் கைக்காசு அதிகம் பிடிக்காதவை. எருவை இரண்டு கிணற்றில் இருந்தும் தள்ளி, மழைத் தண்ணீர் நிற்காத மேட்டுக்கு மாற்ற வேண்டும். குவியலைக் கறுப்புப் பொலித்தீனாலோ தறப்பாளாலோ இறுக மூடி, விளிம்பைச் சுற்றி மண் போட்டு அழுத்த வேண்டும். மூடிய எரு உள்ளே சூடேறும், 50 பாகை அளவு சூட்டில் புழு தங்காது. மேற்பரப்புக்கு வந்து தப்பும் புழுவையும் பொலித்தீனுக்குக் கீழே வெயில் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, கூட்டுக்குள் ஈரம். பெரும்பாலும் ஒழுகுகிற தண்ணீர்க் கோப்பைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அதைத் திருத்தி, உமியோ மரத்தூளோ போட்டுக் கிளறி, எருவைக் கையில் எடுத்தால் உதிரும் பதத்தில் வைத்திருந்தால் அதில் இலையான் முட்டையிட வராது. எருவைக் கூட்டில் இருந்து அள்ளுவது ஏழு நாளுக்குள் நடக்க வேண்டும், ஐந்து நாளுக்கு ஒருமுறை என்றால் நல்லது. ஏன் என்று மேலே சொன்ன நாள்கணக்கைப் பார்த்தால் விளங்கும். உங்கள் பக்கம் செம்மண் தோட்டம், மூடி உக்க வைத்த எருவுக்கு எப்போதும் ஆள் உண்டு. பச்சையாய் ஏற்றி அனுப்பினால் இணுவிலிலோ உரும்பிராயிலோ இன்னொரு தாய் உங்களைப் போலவே எங்களுக்குக் கடிதம் எழுதுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேசியும் சரிவரவில்லை என்றால் சட்டத்துக்கு வருவோம்.

நுளம்புக்கு இங்கே தனிச் சட்டமே உண்டு, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். டெங்குக் காலத்தில் வீட்டுக்கு வந்து சிரட்டையையும் பூச்சாடியையும் கவிழ்த்துப் பார்ப்பது அதன் கீழ்தான். இலையானுக்கு அப்படிப் பெயர் போட்ட சட்டம் கிடையாது, ஆனால் அது பிறக்கும் இடத்துக்கு நிறையவே உண்டு. மிகப் பழையது 1862இல் வந்த தொல்லைகள் கட்டளைச் சட்டம். வளவை அசுத்தமாய், அயலாரின் உடல்நலத்துக்குக் கேடாய் வைத்திருப்பது அதன்படி குற்றம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே என்று தட்டிக் கழிக்க முடியாது, பரிசோதகர்கள் இன்றும் கையில் எடுப்பது அதைத்தான். அடுத்தது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். அதன் 98ஆம் பிரிவின்படி, பொதுத்தொல்லை ஒன்றை அகற்றும்படியோ, உடல்நலத்துக்குக் கேடான தொழிலை நிறுத்தும்படியோ இடம் மாற்றும்படியோ நீதவான் கட்டளையிடலாம். கோழிகளின் தொகை ஒரு அளவைத் தாண்டினால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படும், அது 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. பெரியப்பாவின் தொகைக்கு அது பொருந்துமா என்று பிரதேச சபையில் கேட்டால் சொல்வார்கள்.

யாரிடம் போவது என்பதில்தான் பலரும் அலைகிறார்கள். எரு, புழு, துர்நாற்றம், நோய் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் இருப்பது நல்லூர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். கடிதத்தை வைத்திய அதிகாரிக்கு எழுதுங்கள், பிரதியை நல்லூர் பிரதேச சபைச் செயலாளருக்குக் கொடுங்கள். (யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் இருக்கும் வாசகர்கள் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவுக்குப் போக வேண்டும்.) கையில் கொடுப்பதென்றால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதுக்கு ஆதாரம் இல்லை.

கடிதத்தில் “இலையான் தொல்லை தாங்க முடியவில்லை, தயவுசெய்து ஆவன செய்யவும்” என்று மட்டும் எழுதினால் அது கோவைக்குள் போய்ப் படுத்துவிடும். அப்படிப்பட்ட கடிதங்களை நான் கட்டுக் கட்டாய்ப் பார்த்திருக்கிறேன். இப்படி எழுதுங்கள்: “எங்கள் வடக்கு வேலியில் இருந்து 6 அடி தூரத்தில் கோழி எரு மூடாமல் சுமார் 4 அடி உயரத்துக்குக் குவிக்கப்பட்டுள்ளது. எங்கள் குடிநீர்க் கிணறு அதில் இருந்து 30 அடி. இன்ன திகதியில் எருவில் புழு காணப்பட்டது, படம் இணைத்துள்ளேன். இன்ன திகதியில் உரிமையாளரிடம் நேரில் சொன்னேன், மாற்றம் இல்லை.” அளவுகளை உங்கள் வளவில் அளந்து போடுங்கள். பிள்ளையின் ஆஸ்பத்திரித் துண்டின் பிரதியையும் சேர்க்கலாம். இப்படி ஒரு கடிதம் வந்தால் பரிசோதகர் வந்து பார்க்காமல் இருக்க முடியாது. வந்து பார்த்தால் வழமையாக முதலில் நாள் குறித்து அறிவித்தல் கொடுப்பார், அதற்குள் திருத்தாவிட்டால்தான் நீதவான் நீதிமன்றம். பெரும்பாலான ஆட்கள் அறிவித்தலோடே திருத்திவிடுவார்கள், கோடு ஏற யாருக்கு விருப்பம்?

ஒன்றுமே நடக்கவில்லை என்றால், என் முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இந்த ஒரு தாள் பல கோவைகளைத் தூக்கத்தில் இருந்து எழுப்பியிருக்கிறது. உறவு முறிய வேண்டாம் என்றால் இடையில் இணக்கசபையும் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வரமாட்டார், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இரண்டு பகுதியும் இருந்து பேசலாம். வேலிச் சண்டையை முடித்த இடம், எருச் சண்டையையும் முடிக்கும்.

ஒழுங்கை முடக்குக் குப்பை வேறு கதை. அங்கே எதிராளி இல்லை, எல்லாரும்தான் எதிராளி. முதலில் அந்த ஒழுங்கை சபைக்குரியதா, தனியாருக்குரியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊர்களில் பாதி ஒழுங்கை உறுதியில் “வழிப்பாதை உரித்து” என்று மட்டும் இருக்கும். சபைக்குரியது என்றால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவு அதைக் கூட்டித் துப்புரவாக்கும் கடமையைச் சபையின் தலையில் வைக்கிறது. 94ஆம் பிரிவின்படி சேர்த்த குப்பை சபையின் சொத்து. ஆகவே எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. ஆனால் நான் வெளிப்படையாகச் சொல்கிறேன், கிழமைக்கு ஒருமுறை வரும் வண்டியால் இலையான் குறையாது. ஏழு நாள் என்பது இலையானுக்குப் போதுமான காலம், வண்டி ஒருமுறை தவறினால் அதற்குக் கொண்டாட்டம். உக்கும் குப்பையை மட்டுமாவது கிழமைக்கு இரண்டு தடவை எடுக்கச் சொல்லி ஒழுங்கையார் எல்லாரும் சேர்ந்து எழுதுங்கள். அது நடக்கும் வரைக்கும் சாப்பாட்டுக் கழிவை வண்டிக்கே கொடுக்காதீர்கள். கிணற்றில் இருந்து தள்ளிச் சின்னக் கிடங்கு வெட்டி, போடுகிற ஒவ்வொரு நாளும் அரையடி மண் போட்டு மிதித்து இறுக்குங்கள். சும்மா தூவின மண்ணைத் துளைத்துக்கொண்டு இலையான் மேலே வந்துவிடும்.

முடக்கில் கிடக்கும் பைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பாதி பம்பேர்ஸ்தான். இரவில் நாய் கிழிக்கும், விடிய இலையான் மொய்க்கும். சின்னப் பிள்ளை உள்ள வீடுகள் மலத்தைக் கக்கூசில் கொட்டிவிட்டு, சுருட்டி, மூடியுள்ள வாளியில் வைத்து வண்டி வரும் நாளில் கையில் கொடுத்தால் அந்தப் பை பாதியாகும். எரித்துவிடுவோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிளாஸ்ரிக், பொலித்தீன் உட்படக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரில் வந்த வர்த்தமானியால் தடைசெய்யப்பட்டது. சோளகம் வீசும் மாதங்களில் உங்கள் பக்கம் வரும் புகை, வாடைக்காற்றுத் தொடங்கினால் எதிர்ப்பக்கத்துக்குப் போகும், சண்டையும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும்.

இடைக்காலத்துக்கு: குசினி யன்னலுக்கு வலை அடியுங்கள், சாப்பாட்டை மூடுங்கள். போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, உள்ளே கொஞ்சம் மீன் கழிவும் தண்ணீரும் விட்டு, வீட்டில் இருந்து எட்டவாய் வேலியில் கட்டுங்கள். யன்னலுக்குப் பக்கத்தில் கட்டினால் இலையானை நீங்களே விருந்துக்கு அழைத்த மாதிரி.

கடைசியாக உங்கள் பெயர். பெயர் போடாத மொட்டைக் கடிதத்தை அலுவலகங்கள் பெரிதாய் எடுப்பதில்லை. கோள் சொல்லவும் பழி தீர்க்கவும் எழுதப்படுபவை அவற்றில் அதிகம். பெயர் போட்டு, அதை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். ஆனால் நாலு வீடு உள்ள ஒழுங்கையில் யார் எழுதியது என்று கண்டுபிடிக்கப் பெரியப்பாவுக்குப் பொலிஸ் தேவையில்லை. இதைவிடச் சனசமூக நிலையத்தின் பெயரில் ஒழுங்கை முழுவதற்கும் ஒரு பரிசோதனை கேளுங்கள். அல்லது வீடு வீடாய் வரும் குடும்பநல மாதுவிடம், பிள்ளையின் வயிற்றோட்டத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள். அவரும் பரிசோதகரும் ஒரே பணிமனைக்காரர். பரிசோதகர் வழமையான சுற்றாய் முடக்கில் இருந்து கடைசி வளவு வரைக்கும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவார், பெரியப்பாவின் எருவும் அதில் ஒன்றாய் வந்துவிடும். உங்கள் வாழையடியும் வரும், அதனால் அவர் வர முன்னம் மீன் தண்ணீர் ஊற்றும் இடத்தை மாற்றிவிடுங்கள்.